பன்னிரண்டு திருகாணிகள்

ஜனவரி 3, 2011. திங்கள்

வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் அழுத்தம் 1.5. என் இரத்த அழுத்தம் 148க்கு 86. வெளியே இரண்டு பாகைக் குளிர். புது நாட்குறிப்பை எண்களோடுதான் தொடங்குவேன். எண்களை எழுதும்போது கை குறைவாக நடுங்குகிறது.

பதினொரு மணிக்குக் கரென் தொலைபேசியில் வந்தாள். என் பழைய இசைக்குழுப் பாடகன் டெரெக் சிப்சனின் மகள். அப்பாவை வியாழக்கிழமை ஹொஸ்பிஸில் சேர்த்துவிட்டார்களாம். நுரையீரல். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து.

"அங்கிள், அப்பா உங்களைத்தான் கேக்கிறார். வேற ஒருத்தரையும் கேக்கேல்லை."

இந்த லெஸ்டர் ஊர்க்காரரின் ஆங்கிலத்தை நான் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுதிவைக்கிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

ராய்க்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். ராய் டெரெக்கின் அண்ணன்.

"அந்தப் பேரை எங்கட வீட்டிலை எடுக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும்.

ஜனவரி 6, வியாழன்

பேருந்து 31. ஹொஸ்பிஸ் வாசலில் ஒரு தாதி, "உள்ளை வாங்கோ, என்ர வாத்தே" என்றாள். இந்த ஊரில் எல்லோரையும் வாத்து என்றுதான் அழைப்பார்கள். ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கிறேன், இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

டெரெக் மெலிந்து தலையணைக்குள் புதைந்திருந்தான். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"ஜெப், இன்னும் கழுத்துப்பட்டி கட்டிறியோ? என்னைப் பாக்க வந்தியோ, வங்கியிலை வேலை கேக்க வந்தியோ?"

என் பெயரை அவன் ஜெப் என்றுதான் சுருக்கிவைத்திருக்கிறான். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினேன்.

"இன்னும் அந்த இடியப்ப எழுத்திலை எல்லாத்தையும் எழுதிறியோ?"

"ஓம்."

"என்னைப் பற்றி நல்லதாய் எழுது. எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ எழுதினால் உண்மையாய்த்தான் இருக்கும்."

பிறகு மூச்சு வாங்கியபடி ராயைப் பற்றிப் பேசினான். நான் கேட்கவில்லை, அவனாகவே தொடங்கினான். "கூடப் பிறந்தவன், ஜெப். வயலின்காரர் இருபது பேருக்கு முன்னாலை என்னை நாறடிச்சான். ஏன் செய்தவன்? எனக்கு அது மட்டும் தெரிஞ்சால் காணும்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெளியே பறவைகளுக்குத் தீனி போடும் கூடு ஒன்று. அதில் ஒன்றுமில்லை.

3.20 மணிப் பேருந்தில் திரும்பினேன்.

ஜனவரி 7, வெள்ளி

கொதிகலன் 1.4. எங்கோ சொட்டுகிறது. எங்கே என்று தெரியவில்லை.

ஜனவரி 8, சனி

சனிக்கிழமைகளில் சின்ன அறையிலிருக்கும் மின் ஓர்கன் வாத்தியத்தைத் துடைப்பேன். மேலே விரித்த போர்வையை எடுத்து, கட்டைகளை ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்துணியால் ஒருமுறையும் துடைப்பேன். மின்சாரம் கொடுப்பதில்லை.

ஞானம் கதவடியில் நின்று பார்த்தாள். "பெண்டாட்டிக்குக்கூட இப்பிடி ஒரு நாள் முதுகு தேச்சு விட்டதில்லை," என்றாள்.

எப்படித் தொடங்கியது என்பதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். இந்தக் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவர் மூன்றே பேர். ஒருவன் ஹொஸ்பிஸில் இருக்கிறான். ஒருவன் எங்கே என்று தெரியாது. மூன்றாமவன் நான்.

1961இல் பௌதிகம் படிக்க வட்டுக்கோட்டையிலிருந்து இந்த லெஸ்டருக்கு வந்தேன். ஞாயிறுதோறும் மெதடிஸ்த தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தேன். தேவாலய மண்டபத்தில் சிப்சன் சகோதரர் கிட்டார் பழகுவார்கள். ஒருநாள் டெரெக் வந்து, "உனக்கு மூண்டு கோர்ட் தெரியுமோ?" என்று கேட்டான். சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கோர்ட் நான்கு தெரியும் என்றேன். "அப்ப நீதான் எங்கட பேராசிரியர்," என்றான்.

குழுவுக்கு டோல்கேட்ஸ் என்று பெயர் வைத்தோம். டெரெக் பாட்டு, ராய் கிட்டார், நான் ஓர்கன். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் இருந்த இருவரும் இப்போது உயிருடன் இல்லை. மூன்று வருடம் கல்யாண வீடு, தொழிலாளர் மன்றம், பனிச்சறுக்கு மண்டபம் என்று வாசித்தோம். 1965 மார்ச்சில் 'பாலத்தடியில் காத்திரு' என்ற எங்கள் பாட்டு இசைத்தட்டு விற்பனையில் நாட்டில் பதினான்காம் இடத்துக்கு வந்தது. அதன் கடைசி வரியில் 'காத்திரு' என்ற சொல்லை டெரெக் ஒரேயடியாக மேலே கொண்டுபோய் அங்கேயே நிறுத்துவான். அந்த ஓர் இடத்துக்காகத்தான் பெண்பிள்ளைகள் வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றார்கள். என் கழுத்துப்பட்டியைக்கூட ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் மனேஜர் என்னைத் தலைப்பாகை கட்டி மேடையேறச் சொன்னார். டெரெக்தான் சொன்னான்: "அவன் கட்டினால் நாங்கள் எல்லாரும் கட்டுவம். பிறகு தலைப்பாகைக்குள்ளை டிரம்ஸ்காரனை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிவரும்." பேச்சு அதோடு நின்றது. விடுதிகளில் எனக்கு இடமில்லை என்று சொன்ன நாட்களில் டெரெக் தன் கட்டிலை விட்டுவிட்டு வந்து எங்கள் வாத்தியங்களை ஏற்றும் வான் வண்டியில் என்னோடு படுத்தான். ஒன்பது தடவை. எண்ணி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 12, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். டெரெக்கைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தேன். பிறகு அவன் தூங்கினான். எழுப்புவது சரியில்லை.

கரென் தேநீர் வாங்கித் தந்தாள். ஆரம்பப் பள்ளியில் சமையல் வேலை. தகப்பனின் வாய் அவளுக்கு.

"அப்பா பாடி நான் கேட்டதே இல்லை அங்கிள். என்ர பிறந்தநாளுக்கு எல்லாரும் பாடுவினம், அவர் வாயை மட்டும் அசைப்பார். சின்னனிலை அவர் உண்மையாய்ப் பாடுறார் எண்டு நினைச்சிருந்தனான்."

அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் நாங்களும் அப்படித்தான் செய்தோம் என்றேன். இசைத்தட்டு ஓடும், நாங்கள் வாயையும் விரல்களையும் அசைப்போம். அவள் சிரித்தாள். நல்ல காலம், வேறு எதுவும் கேட்கவில்லை.

இரத்த அழுத்தம் 160க்கு 92.

ஜனவரி 15, சனி

துடைத்தேன்.

ஞானத்திடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். "டெரெக்குக்கு ஒண்டு சொல்ல வேணும்," என்றேன்.

"சொல்லுங்கோவன்."

"எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரியேல்லை."

"உங்களுக்கு வாயைக் கடவுள் சாப்பிடத்தான் தந்தவர். என்னைப் பெண் பாக்க வந்தநேரமும் மூண்டு வடை திண்டிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனவர்தானே. உங்கட அக்காதான் கடிதம் போட்டவ."

உண்மை. கரட்டைத் தோல் சீவிக் கொடுத்தேன்.

ஜனவரி 17, திங்கள்

கொதிகலன் 1.3. மேல்மாடப் பெட்டியிலிருந்து 1966ஆம் வருட நாட்குறிப்பை எடுத்தேன். எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

என் கையெழுத்து அப்போது நேராக இருந்திருக்கிறது. பெப்ரவரி 4இல் இப்படி இருக்கிறது: "டெரெக் நேற்று மேலே போகும்போது குரல் கிழிந்தது. வான் வண்டியில் அழுதான். இன்று பன்னிரண்டுக்கும் எட்டில் ஒரு சுற்று." மார்ச் 2: "இன்னும் எட்டில் ஒன்று." ஏப்ரல் 11: "இன்னும்." இப்படி ஓகஸ்ட் வரை ஏழு தடவை.

இது என்னவென்று விளக்கி எழுத வேண்டும். வகுப்பில் முப்பது வருடம் விளக்கியவன் நான்.

எங்கள் வகை ஓர்கனின் மூடியைத் திறந்தால் பன்னிரண்டு சுரங்களுக்கும் பன்னிரண்டு திருகாணிகள் இருக்கும். அவற்றைத் திருப்பினால் சுரம் ஏறும், இறங்கும். கிட்டார்க் கம்பிகள் வெயிலுக்கும் குளிருக்கும் இளகும். ஓர்கன் இளகாது. ஆகவே மேடை ஏறுமுன் எல்லோரும் ஓர்கனைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். நான் ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பேன், ராய் கிட்டாரைத் திருகுவான், பேஸும் சேரும். டோல்கேட்ஸுக்குச் சுருதி நான்தான். நான் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள். ஒருவருக்கும் தெரியாது.

நான் இறங்கினேன். டெரெக் மேலே எட்டுவதற்காக நான் பாட்டையே கீழே கொண்டுவந்தேன், மாதாமாதம், ஒரு மயிரிழையாக. ஓகஸ்ட் மாதம் அரைச் சுரத்துக்கும் மேலே இறங்கியிருந்தோம். அவனிடம் சொல்லியிருக்கலாம். குரல் போகிறது, பாட்டைக் கீழே வைப்போம் என்று மற்றவர்களிடமும் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வெட்கமாகிவிடும் என்று நினைத்தேன். அல்லது அப்படிச் சொல்ல எனக்குப் பயமாயிருந்தது. இரண்டில் எது என்று இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஜூன் 20இல் இன்னொரு வரி இருக்கிறது. "டெரெக் தொண்டை வைத்தியரிடம் போவதாக இருந்தான். குரல் திரும்பிவிட்டது, இனி வேண்டாம் என்கிறான். சந்தோஷமாக இருக்கிறான்."

அதன் கீழ் நான் எழுதியிருப்பது: "எனக்கும் சந்தோஷம்."

ஜனவரி 18, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. மழை.

ஜனவரி 20, வியாழன்

போனேன். டெரெக் விழித்திருந்தான். குரல் காற்றாகத்தான் வருகிறது. நான் காதை அருகே கொண்டுபோனேன்.

"உன்ர ஓர்கன் இன்னும் இருக்கோ?"

"இருக்குது."

"என்ர செத்தவீட்டிலை அதைக் கொண்டுவந்து வாசி. 'பாலத்தடி.' ஒருத்தரும் பாட வேண்டாம். நீ மட்டும் வாசி."

தலையசைத்தேன்.

"குரல் போன பிறகு டொக்டர் சொன்னவர் ஜெப், உனக்குச் சொன்னனானோ? ஆறு மாசம் முந்தி வந்திருந்தால் சின்ன வெட்டு, ஒரு மாசம் வாய்பேசாமல் இருந்தால் காணும், பழைய குரல் வந்திருக்குமாம். ஆனா எனக்கு ஒரு நோவும் இல்லையே அப்ப? அந்த வருசம் முழுக்க நல்லாய்ப் பாடினன். வயலின்காரர் வந்த அண்டைக்குக் காலமைதான் போனது. ஒரு நாளிலை. ராய் சுருதியை மேலை ஏத்தினதாலை கிழிஞ்சது."

இதுதான் சரியான நேரம் என்று எனக்குத் தெரிந்தது. வாயையும் திறந்தேன். தாதி ஊசியோடு வந்தாள். நான் எழுந்து அவளுக்கு வழிவிட்டேன். வழிவிட வேண்டிய அவசியம் இல்லை, கட்டிலுக்கு மறுபக்கத்தில் இடம் இருந்தது. இதை எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 22, சனி

துடைக்குமுன் மின்சாரம் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் சூடாகிச் சத்தம் வந்தது. பள்ளியில் பாடம் நடத்திய இசைக்கவை மேசை லாச்சியில் இருந்தது. அதை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, கட்டையை அழுத்தினேன்.

அப்படியே இருக்கிறது. நாற்பத்து நான்கு வருடமாக, இறக்கிய அதே இடத்தில். நான் திருப்பி ஏற்றவேயில்லை.

சொல்வதற்கான வசனங்களை ஒரு தாளில் எழுதினேன். முதலில் ஆறு வசனம். பிறகு நான்கு. இப்போது ஒன்று.

ஜனவரி 24, திங்கள்

டெரெக் காலை 6.40க்கு இறந்துவிட்டான். கரென் எட்டு மணிக்குச் சொன்னாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 25, செவ்வாய்

அந்த நாளைப் பற்றி ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. 1966 நவம்பர் 17ஆம் திகதிக்கு என் பழைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "லண்டன். ஒலிப்பதிவு நடக்கவில்லை. மழை."

நடந்தது இது. புதுப் பாட்டுக்கு வயலின்காரர் இருபது பேரை அழைத்திருந்தார்கள். பாட்டின் உச்சி எங்கள் பழைய உச்சியேதான். வயலின்காரர் ஸ்டுடியோப் பியானோவுக்குச் சுருதி சேர்த்தார்கள். ராயையும் அதற்கே சேர்க்கச் சொன்னார்கள். அங்கேயே பெரிய ஓர்கன் இருந்ததால் என்னுடையது வான் வண்டியில் கிடந்தது. டெரெக் முப்பத்தொரு தடவை பாடினான். முப்பத்தொரு தடவையும் மேலே போய் உடைந்தான். கடைசியில் குரலே வரவில்லை, காற்று மட்டும் வந்தது. ஒரு வயலின்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் சிரித்தார். உரத்துச் சிரிக்கவில்லை.

நடைகூடத்தில் ராய் என்னிடம் வந்தான். "ஜெப், வான் வண்டியிலை கிடக்கிற உன்ர ஓர்கன். அது சரியான சுருதியிலைதான் இருக்கோ?" டெரெக் என் பின்னால் நின்றான்.

"சரியாய்த்தான் இருக்குது," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதைக் கேட்ட டெரெக்குக்கு, ராய்தான் அன்று வேண்டுமென்றே சுருதியை ஏற்றினான் என்றாகிவிட்டது. டெரெக் என்னைத் தாண்டி வந்து ராயின் முகத்தில் அடித்தான். டோல்கேட்ஸ் அன்றைக்கு முடிந்தது. டெரெக் பிறகு முப்பது வருடம் பேருந்து ஓட்டினான். பலமுறை அவன் பேருந்தில் ஏறியிருக்கிறேன். ஒருபோதும் என்னை நிற்கவிடமாட்டான். முன் இருக்கையில் இருந்தவரை எழுப்பி, "எங்கட பேராசிரியருக்கு இடம் குடுங்கோ," என்பான்.

ஜனவரி 29, சனி

இறுதிச்சடங்குக்கு ஓர்கன் சரியான சுருதியில் இருப்பது முறை என்று நினைத்தேன். இசைத்தட்டில் உள்ளபடி இருக்க வேண்டாமா? ராய் பத்திரிகையில் பார்த்து வந்தாலும் வருவான் என்பதற்காக அல்ல.

மூடியைத் திறந்தேன். சிறிய திருப்புளி. முதல் திருகாணி அசையவில்லை. எண்ணெய் விட்டு அரைமணி நேரம் பொறுத்தேன். அழுத்தியபோது தலை உடைந்து உள்ளே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொடவில்லை.

ஞானம் வந்து, "செத்தவீட்டுக்கு அஞ்சு நாள் இருக்க, இப்பதானோ பிரிச்சுப் பாக்கிறியள்?" என்றாள். மூடியை மூடினேன்.

பெப்ரவரி 3, வியாழன்

இறுதிச்சடங்குக்குப் பதினைந்து பேர். பேருந்து ஓட்டுநர்கள் ஆறு பேர் சீருடையில் வந்திருந்தார்கள். ராய் கடைசி வரிசையில் தனியாக இருந்தான். உடனே தெரிந்தது. டெரெக்கின் தோள்கள்.

வாசித்தேன். இறங்கிய சுருதியில்தான். 'காத்திரு' வரும் இடத்தில் கட்டையை அழுத்திப் பிடித்தேன், அவன் நிறுத்துகிற அளவுக்கு. ஒருவர் அழுதார். வித்தியாசம் யாருக்கும் தெரிந்திராது.

எல்லோரும் கல்லறைக்குப் போனபிறகு நான் ஓர்கனின் மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ராய் வந்து நின்றான். கையை நீட்டவில்லை. ஓர்கனைப் பார்த்தான்.

"இன்னும் கீழைதான் வைச்சிருக்கிறாய்," என்றான்.

நான் தாளில் எழுதிவைத்த ஒரே வசனத்தைச் சொன்னேன். "ராய், நான்தான் இறக்கினனான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. நீ நடைகூடத்திலை நிக்கேக்கை நான் வான் வண்டியடிக்குப் போனன். ஓர்கனை இறக்கிச் சுவரிலை மின்சாரம் குடுத்துப் பாத்தன். காது இருந்தால் யாருக்கும் கேக்கும்." மூச்சை இழுத்தான். அவனுக்கும் அந்த நுரையீரல்தான் போலிருக்கிறது. "அதுக்குப் பிறகுதான் உன்னட்டை வந்து கேட்டனான். நீயே சொல்லுவாய் எண்டு."

சுருட்டிய கம்பியைக் கட்டினேன்.

"ரெண்டு கிழமை கழிச்சுத் தம்பியின்ர வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னனான். 'ஜெப்தான் செய்தவன், உனக்கு நல்லது எண்டு நினைச்சுச் செய்திருப்பான், தொண்டையைக் காட்டு' எண்டு. அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? 'ஜெப் பொய் சொல்லமாட்டான். நீ சொல்லுவாய்.' கதவைச் சாத்திப்போட்டான்."

கம்பியை நான் மறுபடி அவிழ்த்துச் சுருட்டினேன்.

"இவ்வளவு காலமும் நீ ஏன் என்னட்டை வரேல்லை?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது.

"எனக்கு இருந்தது ஒரு தம்பி. அவன் என்னைவிட உன்னை நம்பினவன். உன்னட்டை வந்து நான் என்னத்தைக் கேக்க?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கல்லறைப் பக்கம் அல்ல, வாசல் பக்கம்.

பெப்ரவரி 5, சனி

துடைக்கவில்லை.

பெப்ரவரி 7, திங்கள்

கொதிகலன் 1.1. திருத்துபவரை அழைக்க வேண்டும். சாப்பிட முடியவில்லை. ஞானம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்றாள்.

ஜூன் 20ஆம் நாள் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். "எனக்கும் சந்தோஷம்."

பெப்ரவரி 9, புதன்

நான்கு மணிக்குக் கரென் அழைத்தாள். ராய் அவளுக்குக் கடிதம் போட்டிருக்கிறான்.

"அங்கிள், அந்தாள் உங்களைப் பற்றி ஏதோ எழுதியிருக்கு. ஓர்கனை நீங்கள் இறக்கினீங்களாம், அப்பாவின்ர குரல் போனதுக்கு அதுதான் காரணமாம். வெக்கமில்லை, அப்பா மண்ணுக்குப் போய் ஒரு கிழமை ஆகேல்லை. நான் கிழிச்சுப் போடப் போறன். அப்பா எப்பவும் சொல்லுவார், அந்தக் குழுவிலை பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் நீங்கள்தானெண்டு. அது உண்மையில்லைத்தானே அங்கிள்?"

தொலைபேசி மேசையில் என் இடது கை இருந்தது. அதைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தின் விநாடிமுள் பதினொரு தடவை அடியெடுத்து வைத்தது. எண்ணினேன்.

"உண்மை," என்றேன். "நான்தான். ஏழு தரம். அண்டைக்கு உங்கட பெரியப்பா கேக்கேக்கை சரியாய் இருக்குதெண்டு பொய் சொன்னதும் நான்தான்."

அவள் மூச்சு கேட்டது. பிறகு அவளுடைய சமையலறையில் ஏதோ கொதிக்கும் சத்தம். பிறகு, "அவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். அந்தத் திங்கட்கிழமை வருவீங்கள் எண்டு," என்றாள். வைத்துவிட்டாள்.

ஞானம் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆரப்பா?"

"கரென்."

"என்னவாம்?"

"ஒண்டு கேட்டவ. சொன்னனான்."

அகப்பை கையில் இருக்க என்னைப் பார்த்தாள். "நீங்களோ? சொன்னனீங்களோ?"

கொதிகலன் 1.0. டெரெக்கைப் புதைத்து இன்று ஆறாம் நாள்.